சேலத்தில் எடுத்த பழைய படங்களை வீட்டில் மறுபடி பார்க்கும்போது வில்லன்கள் ஏன் பெரிதாகத் தெரிகிறார்கள்?

கேள்வி: அஸ்தம்பட்டி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாக எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, சேலத்து ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறோம். இவற்றில் பலவற்றைப் பள்ளி நாள்களில், மறுவெளியீட்டின்போது, தரை டிக்கெட்டில் பார்த்திருக்கிறேன். என் அம்மா இவை வந்த புதிதிலேயே பார்த்தவர். ஏற்காடு சாலையில் அந்த ஸ்டுடியோவின் முகப்பு வளைவு மட்டுமே இன்று நிற்கிறது. ஆனால் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்த நிறுவனம், நம் ஊரில் இருந்தபடியே பல மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது என்பதும், மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் இங்கிருந்துதான் வெளிவந்தது என்பதும் இங்கு எழுதும் பலருக்கும் தெரிந்தவையே. எனவே ஊர்ப் பெருமையைச் சற்றுத் தள்ளி வைத்து, படங்களைப் படங்களாகவே எடுத்துக்கொண்டு ஒன்றைக் கேட்க விரும்புகிறேன்.

திரையரங்கில் பார்த்தபோது என் மனத்தில் தங்கியவை கதாநாயகனின் வாள் சண்டையும், அவர் குதிரையில் வந்து இறங்கும்போது எழுந்த கைதட்டலும்தான். வில்லன் பேச ஆரம்பித்தாலே அரங்கத்தில் ஏச்சும் கூச்சலும் எழும்; அவன் என்ன பேசினான் என்பது முன்வரிசைக்காரர்களுக்குக்கூடச் சரியாகக் கேட்டிருக்காது. வீட்டில் அப்படி இல்லை. கூடத்தில் நாலு பேர் அமைதியாக உட்கார்ந்திருக்கிறோம். வில்லன் பேசும் ஒவ்வொரு சொல்லும் முழுதாகக் காதில் விழுகிறது. அப்படி விழும்போது, படத்தின் எடையே அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

'மந்திரி குமாரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1950இல் வந்த இந்தப் படத்தில் எம்.ஜி.ஆர். தளபதி வீரமோகனாக வருகிறார். நான் சிறுவனாகப் பார்த்தபோது இது அவருடைய படம் என்றே நினைத்திருந்தேன். இப்போது பார்க்கையில், இது எஸ். ஏ. நடராஜன் நடித்த பார்த்திபனின் படமாகவும், அவன் மனைவியாகும் மந்திரி மகள் அமுதவல்லியாக மாதுரி தேவி நடித்த படமாகவும் இருக்கிறது. ராஜகுருவின் மகனான பார்த்திபன், தனக்குக் கிடைக்க வேண்டிய தளபதிப் பதவி வேறொருவனுக்குப் போய்விட்டது என்ற வெறுப்பில் கொள்ளைக்காரனாகிறான். அதோடு நில்லாமல் கொள்ளையையே ஒரு கலை என்று வாதாடவும் செய்கிறான். கலைஞர் மு. கருணாநிதியின் வசனத்தை நடராஜன் உரக்கக் கத்தாமல், புன்னகையோடு, ஏதோ பாடம் நடத்துகிறவர் போல நிதானமாகச் சொல்கிறார். அந்த நிதானம்தான் பயமுறுத்துகிறது. படத்தின் தலைப்பே கதாநாயகனையும் இளவரசியையும் விட்டுவிட்டு மந்திரியின் மகளைச் சுட்டுகிறது என்பதை நான் இத்தனை வருடங்களும் பெரிதாக எண்ணிப் பார்த்ததில்லை.

'அலிபாபாவும் 40 திருடர்களும்' இதற்கு நேர்மாறாக இருந்தது. 1956 பொங்கலுக்கு வந்த இந்தப் படம்தான் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். கேவா கலர் என்ற வண்ணப்பட முறையில் எடுத்தது. அம்மாவுக்கு அந்த வண்ணம்தான் படம். திரையில் பச்சையும் சிவப்பும் வந்த முதல் நிமிடத்தில் அரங்கமே மூச்சுவிட மறந்தது என்று இன்றும் சொல்கிறார். இன்று பார்க்கக் கிடைக்கும் பிரதிகளில் அந்த நிறம் வெளிறிக் கிடக்கிறது. பி. எஸ். வீரப்பாவின் கொள்ளைத் தலைவன் சிரிப்பால் மிரட்டுகிறானே தவிர, அவனிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. வீட்டில் பார்க்கும்போது மிஞ்சுவது பானுமதிதான். ஏ. எம். ராஜாவோடு அவர் பாடும் 'மாசில்லா உண்மைக் காதலே' இன்னும் அப்படியே இருக்கிறது. அவர் திரையில் இல்லாத காட்சிகள்தாம் நீளமாகத் தெரிகின்றன.

என் கேள்வி இதுதான். கூட்டத்தின் ஆரவாரம் இல்லாமல் வீட்டில் பார்ப்பதால் வில்லனின் பேச்சு பெரிதாகத் தெரிகிறதா, அல்லது அந்தப் படங்களே அப்படித்தான் எழுதப்பட்டவையா? அண்மையில் பழைய படங்களையோ புதிய படங்களையோ வீட்டில் இரண்டாம் முறை பார்த்தவர்கள், எது வளர்ந்தது, எது சுருங்கியது என்று காரணத்தோடு எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: செவ்வாய்ப்பேட்டை நூல் வணிகர்

ஐயா, வணக்கம். நல்ல கேள்வி. ஆனால் 'மந்திரி குமாரி'யின் பெருமை முழுவதையும் வசனத்துக்கே கொடுத்துவிடுகிறீர்கள் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. போன மாதம்தான் நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். எனக்கு அதில் மிகவும் பெரிதாகத் தெரிந்தது, ஏறக்குறைய வசனமே தேவைப்படாத ஓர் இடம்.

மனைவியைக் கொன்றுவிடத் தீர்மானித்த பார்த்திபன் அவளை மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். பின்னணியில் 'வாராய் நீ வாராய்' என்ற பாடல். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது, ஜி. இராமநாதன் இசை. பாட்டைக் கேட்டால் இனிய காதல் பாட்டு. படத்தைப் பார்த்தால் கொலைக்கு அழைத்துப் போகும் பயணம். இரண்டையும் ஒன்றாக வைத்த துணிச்சலை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. உச்சியில் அவன் தன் நோக்கத்தைச் சொன்னதும் அவள் அழுது கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. சாவதற்கு முன் கணவனை மூன்று முறை வலம்வர அனுமதி கேட்கிறாள். சுற்றி வருகிறவள், அவன் முதுகுப்பக்கம் வந்ததும் தள்ளிவிடுகிறாள். அங்கே வேலை செய்வது படக்கருவியும் நடிகையின் நடையும்தான். படத்தை இயக்கத் தொடங்கிய எல்லிஸ் ஆர். டங்கன் தமிழ் அறியாத அமெரிக்கர், மீதியை டி. ஆர். சுந்தரம் முடித்தார், இருவர் பெயரும் படத்தில் உண்டு. மொழி தெரியாத ஒருவர் காட்சியைக் கண்ணால்தான் யோசித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்த இடம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதை இது. அந்தப் பௌத்த காப்பியத்தில் சில பாடல்களே நமக்குக் கிடைத்திருக்கின்றன. கதையை நீலகேசி என்ற சமண நூலின் உரை வழியாகவே அறிகிறோம். கொலைக்களத்துக்குப் போகும் கள்வனைக் கண்டு காதல் கொண்டு, தந்தையின் முயற்சியால் அவனை மீட்டு மணந்துகொண்ட வணிகர் மகள் பத்திரை, பின்னாளில் அவன் தன்னை மலையுச்சிக்கு இட்டுச் சென்றபோது வலம்வருவதாகச் சொல்லித் தள்ளிவிடுகிறாள். அதன் பிறகு துறவு பூண்டு, சமய வாதங்களில் வென்று, இறுதியில் பௌத்தத்தைத் தழுவுகிறாள். படத்தின் அமுதவல்லிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவள் அரசவைக்கு வந்து நடந்ததைச் சொல்லி, ராஜகுருவின் கையால் சாகிறாள். ஏடுகள் அழிந்து உரையில் மட்டும் மிஞ்சிய ஒரு கதை, நம் ஊர் ஸ்டுடியோவின் வழியாகத் தரை டிக்கெட்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது என்பது என்னை நெகிழ வைக்கிறது. ஆனாலும் அந்த முடிவு மாற்றம் வீட்டில் பார்க்கும்போது உறுத்தத்தான் செய்கிறது. கொல்ல வந்தவனிடமிருந்து தன்னைக் காத்துக்கொண்ட பெண்ணை உயிரோடு விட அந்தக் காலத்துப் படத்துக்கு மனம் வரவில்லை.

வளர்ந்த படம் எது என்று கேட்டீர்கள். என் வாக்கு 'திரும்பிப்பார்' படத்துக்கு. 1953இல் வந்தது, சுந்தரம் இயக்கம், கலைஞர் வசனம். அதற்கு முந்தைய ஆண்டில்தான் 'பராசக்தி' சிவாஜி கணேசனைத் தமிழ்நாடு முழுதும் அறிந்த முகமாக்கியிருந்தது. அப்படி எழுந்து வரும் ஒரு நடிகர், பெண்களை ஏமாற்றுவதையே வழக்கமாகக் கொண்ட பரந்தாமனாக நடிக்க ஒப்புக்கொண்டார். அதாவது வில்லனும் கதாநாயகனும் ஒரே ஆள். அவனை வளர்த்து ஆளாக்கிய அக்காவாக நடித்த பண்டரிபாய், கடைசியில் அவன் கேட்பது ஒரு பெண்ணின் உடல் மட்டும்தான் என்றால் தன்னையே எடுத்துக்கொள்ளட்டும் என்று அவன் முன் வந்து நிற்கும் காட்சியை, என் மகளும் மருமகனும் உடன் உட்கார்ந்திருக்கும்போது பார்த்தேன். கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு காட்சி இன்றைய குடும்பத்தை இவ்வளவு கூசவைக்கிறது என்றால், அதை எழுதியவரும் எடுத்தவரும் பார்வையாளரைக் குழந்தையாக நினைக்கவில்லை என்றுதான் பொருள். நகைச்சுவைப் பகுதிகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டு படங்களிலும் அவற்றைத் தாண்டிப் போய்விடலாம்.

பதில்: நாகலூர் காப்பித்தோட்டத்துக் குடும்பத்தலைவி

வணக்கம். ஏற்காட்டில் இருப்பவர்களுக்குத் திரையரங்கு என்றால் கொண்டை ஊசி வளைவுகள் 20ஐயும் இறங்கிச் சேலம் போக வேண்டும். மழைக்காலத்தில் அதற்கு யாருக்கும் மனம் வராது. ஆகவே நாங்கள் எல்லாப் படங்களையும் வீட்டில்தான் பார்க்கிறோம். என் மாமியாருக்கு 1960களின் படங்கள்மீது தனிப் பிரியம். அத்தையோடு உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சிலவற்றைச் சொல்கிறேன்.

வீட்டில் பார்த்தால் வில்லன் பெரிதாகிறான் என்று அஸ்தம்பட்டி அண்ணா சொல்லும் விதி அந்தப் பத்தாண்டின் படங்களுக்குப் பொருந்தவில்லை. 1963இல் டி. ஆர். சுந்தரம் மறைந்த பிறகு அவருடைய மகன் நிறுவனத்தை ஏற்று, துப்பறியும் படங்களை நிறைய எடுத்தார். 1966இல் வந்த 'வல்லவன் ஒருவன்' படத்தில் ஜெய்சங்கர்தான் நாயகன். அதில் வில்லனுக்கு இரகசிய அறையும் விளக்குகளும் அடியாட்களும் உண்டு. வாய் மட்டும் இல்லை. வீட்டில் பார்க்கையில் அவன் பெரிதாகவில்லை, சிறுத்துப்போகிறான். அந்தப் படத்தில் இன்றும் நிற்பது வேதாவின் இசையில் எல். ஆர். ஈஸ்வரி பாடிய 'பளிங்கினால் ஒரு மாளிகை'யும், டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய 'இன்னும் பார்த்துக்கொண்டிருந்தால்' என்ற பாடலும்தான். ஆகவே வில்லனைப் பெரிதாக்குவது வீடு அன்று. அவனுக்கு எழுத்தாளர் கொடுத்த சொற்கள்தாம். சொல் இருந்தால் அமைதியில் அது வளரும், இல்லாவிட்டால் அந்த வெறுமையும் அமைதியில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

இதற்கு முந்தைய ஆண்டில் வந்த 'வல்லவனுக்கு வல்லவன்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இந்திப் படத்தின் தழுவல்தான் என்றாலும், எஸ். ஏ. அசோகனை நாயகனாக வைத்தார்கள் என்பதற்காகவே அதைப் பார்க்கலாம். வாழ்நாள் முழுதும் கெட்டவராக நடித்தே பழக்கப்பட்ட அந்த முகத்தின்மீது 'ஓராயிரம் பார்வையிலே' ஒலிக்கும்போது, மற்ற நாயகர்களிடம் கிடைக்காத ஒரு பதைப்பும் நன்றியும் அவரிடம் தெரிகின்றன. கண்ணதாசன் அந்த வரிகளை அழகான ஒரு நாயகனுக்கு எழுதியிருந்தால் இந்த அளவு உருக்கம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அதே போன்ற இன்னொரு வியப்பு 'திகம்பர சாமியார்'. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவி 1950இல் எடுத்த படம். எம். என். நம்பியார் இதில் நல்லவர். வேடத்துக்கு மேல் வேடம் போட்டுத் தீயவர்களை மடக்குகிறவர். 'மந்திரி குமாரி'யில் வஞ்சகம் நிறைந்த ராஜகுருவாக வருகிறவரும் அவரே, வந்ததும் அதே ஆண்டில். இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தால், ஒரே குரலும் ஒரே கண்களும் எவ்வளவு தொலைவு போக முடியும் என்பது தெரியும். அத்தையோ, நம்பியாரை நல்லவராகப் பார்க்க மனம் ஒப்பவில்லை என்று கடைசிவரை சந்தேகத்தோடேயே உட்கார்ந்திருந்தார். படத்தை ரசிக்க அதுவும் ஒரு நல்ல வழி என்றே எனக்குத் தோன்றியது, ஏனென்றால் ஒவ்வொரு வேடம் கலையும்போதும் அவர் என்னைவிட அதிகமாக அதிர்ந்தார்.

ஒரு நடைமுறைச் செய்தியையும் சொல்ல வேண்டும். இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நன்றாக இல்லை என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், தொலைக்காட்சியின் அமைப்பைச் சரிபாருங்கள். 1950களின் தொடக்கம்வரை நம் படங்கள் அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு என்ற அளவை ஒட்டியே எடுக்கப்பட்டன. இன்றைய தொலைக்காட்சித் திரையோ 16க்கு 9. இணையத்தில் ஏற்றியவர்களோ தொலைக்காட்சியோ படத்தைத் திரை முழுவதும் இழுத்து நிரப்பினால், ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடும். மாதுரி தேவியின் முகத்தை அப்படி இழுத்துப் பார்த்துவிட்டு அவர் நடிப்பைப் பற்றி யாரும் பேசக் கூடாது. அமைப்பில் நான்குக்கு மூன்று என்று மாற்றினால், இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், படம் தன் உருவத்துக்குத் திரும்பும். சில பிரதிகளில் மேலும் கீழும் வெட்டி நிரப்பியிருப்பார்கள். தலையுச்சி துண்டாகத் தெரிந்தால் வேறு பிரதியைத் தேடுவதுதான் வழி. பாடல்களை வெட்டிய பிரதிகளும் உண்டு. படத்தின் நீளத்தை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

பதில்: ஓமலூர் கல்லூரி மாணவர்

ஐயா, அக்கா, எல்லோருக்கும் வணக்கம். பழைய படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது, நான் அண்மையில் வீட்டில் மறுபடி பார்த்த ஒரு புதிய படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதன் கதையும் நம் சேலம் மாவட்டத்தில்தான் நடக்கிறது. மாரி செல்வராஜ் இயக்கி 2023 ஜூனில் வந்த 'மாமன்னன்'.

திரையரங்கில் பார்த்தபோது, ஆண்டாண்டுகளாகச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தும் கட்சிக்காரரின் முன்னால் நின்றுகொண்டே பேசிப் பழகிய தந்தையை, மகன் நாற்காலியில் உட்காரச் சொல்லும் காட்சியில் அரங்கமே எழுந்து நின்றது. நானும் கத்தினேன். வீட்டில் இரண்டாம் முறை பார்த்தபோது கத்த யாரும் இல்லை. அப்போதுதான் தந்தையாக நடித்த வடிவேலுவின் கைகளைக் கவனித்தேன். உட்காரச் சொன்ன பிறகும் அந்தக் கைகளுக்கு எங்கே இருப்பது என்று தெரியவில்லை. எத்தனையோ ஆண்டுகள் நம்மைச் சிரிக்க வைத்த ஒரு நடிகர், அந்த உடம்பின் அத்தனை பழைய நெளிவுகளையும் அடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். படத்தில் எனக்கு மிகவும் வளர்ந்தது அதுதான். பின்பாதியின் தேர்தல் பகுதி, அரங்கில் இருந்த வேகம் இல்லாமல், வீட்டில் சுருங்கிவிட்டது.

ஆனால் ஐயா கேட்ட வில்லன் விஷயத்தில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. இந்தப் படம் ஜூலை இறுதியில் வீட்டுத் திரைக்கு வந்தவுடன், பகத் பாசில் நடித்த ரத்னவேலின் காட்சிகளை மட்டும் வெட்டி, சாதிப் பெருமைப் பாடல்களை ஒட்டி, சமூக ஊடகங்களில் கொண்டாடினார்கள். எந்தச் சாதித் திமிரைக் காட்டுவதற்காக அந்தப் பாத்திரம் எழுதப்பட்டதோ, அதே திமிரின் பதாகையாக அதை ஆக்கிவிட்டார்கள். ஓட்டத்தில் தோற்றதற்காகத் தன் நாயையே அடித்துக் கொல்கிறவன் அவன். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகும் அவனைக் கொண்டாட முடிந்தது என்றால், அவர்கள் படத்தைப் பார்க்கவில்லை, துண்டுகளைத்தான் பார்த்தார்கள். திரையரங்கில் ஒருவன் நடுவே எழுந்து போகலாம், ஆனால் காட்சியை வெட்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. வீட்டில் அது முடிகிறது.

அதன் பிறகு உங்கள் பதிவைப் படித்துவிட்டு 'மந்திரி குமாரி'யை முதன்முறையாகப் பார்த்தேன். பார்த்திபனையும் அப்படி வெட்டி எடுத்துக் கொண்டாட முடியுமா என்று யோசித்தேன். எளிதில் முடியாது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அவன் எவ்வளவு பேசினாலும், பதில் சொல்ல அவன் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி இருக்கிறாள். அவனைக் காதலித்தவளும் அவள், அவனுக்காக மன்றாடியவளும் அவள், மலையுச்சியில் அவனை முடித்தவளும் அவள். ரத்னவேலின் மனைவியோ படம் முழுவதும் ஏறக்குறைய ஒரு சொல்லும் பேசாமல் அவன் பின்னால் நிற்கிறாள். அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன என்பதைக் காட்டத்தான் இயக்குநர் அவளை மௌனமாக வைத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. அந்த மௌனம் உண்மையானதும்கூட. ஆனால் 1950இல் எழுதிய அமுதவல்லிக்குக் கிடைத்த வாய் 2023இன் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருந்தால், துண்டு வெட்டியவர்களுக்கு வேலை இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. பகத் பாசிலின் நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கண்களாலேயே இவ்வளவு ஈர்க்கும்போது, எதிரில் நிற்பவருக்கும் அதே அளவு கனம் வேண்டியிருக்கிறது. வடிவேலு அந்தக் கனத்தைத் தருகிறார். படத்தின் மற்ற பாதியில் அதைத் தர யாரும் இல்லை.

மறுமொழி: அஸ்தம்பட்டி வாசகர்

நூல் வணிகர் ஐயாவுக்கும், நாகலூர் சகோதரிக்கும், ஓமலூர்த் தம்பிக்கும் என் நன்றி. நேற்று இரவே தொலைக்காட்சியின் அமைப்பை நான்குக்கு மூன்று என்று மாற்றி, 'மந்திரி குமாரி'யின் மலையுச்சிக் காட்சியை மட்டும் மறுபடி போட்டோம். சட்டகத்தில் இருவருக்கும் இடையே உள்ள இடைவெளி இப்போதுதான் சரியாகத் தெரிந்தது. இழுத்து அகட்டிய படத்தில் அந்தப் பாறை ஒரு திண்ணையைப் போலத் தெரிந்தது, இப்போது கால் வைக்கவே இடமில்லாத உச்சியாக இருக்கிறது.

தம்பி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் காலத்தில் அரங்கத்துக் கூச்சலுக்கு நடுவே எதைக் கேட்டீர்கள் என்று கேட்டபோது, பார்த்திபன் பேச்சு எதுவும் நினைவில் இல்லை, வலம்வரக் கேட்கும் அந்தப் பெண்ணின் குரல்தான் நினைவில் இருக்கிறது, அப்போது மட்டும் கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை என்றார். அப்படியானால் கூட்டமும் தனக்கு வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறது. வில்லனுக்குக் கத்தியவர்களே அவளுக்காக அடங்கியிருக்கிறார்கள். ஆரவாரம் இல்லாததால்தான் வீட்டில் எல்லாம் மாறுகிறது என்று நான் எழுதியதோடு இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சொல்லும் பதிலும் சம எடையில் இருக்கும் இடத்தில் திரையரங்குக்கும் வீட்டுக்கும் அவ்வளவு வேறுபாடு இல்லை போலும்.

காட்சியைத் தாங்குவது வசனமா, படக்கருவியா என்ற செவ்வாய்ப்பேட்டை ஐயாவின் கேள்விக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. டங்கன் இதே 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸுக்காகப் பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தைத் தழுவிப் 'பொன்முடி'யையும் எடுத்தார். அதே இயக்குநர், அதே மாதுரி தேவி, அதே ஜி. இராமநாதன், ஆனால் கலைஞரின் வசனம் அதில் இல்லை. வரும் சனிக்கிழமை இரவு நாங்கள் அதைப் பார்க்கப் போகிறோம். உங்களில் முடிந்தவர்கள் அதே வாரத்தில் பார்த்துவிட்டு இங்கே எழுதினால், ஒரே படத்தை வைத்துக்கொண்டு பேசலாம். வெட்டாத பிரதி எங்காவது கண்ணில் பட்டால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.